சனிக்கிழமைக் கைமணம்

ஜூன் 9, ஞாயிறு

சின்னவளுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுத் தொலையும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிரைவிங் ஸ்கூல் போர்டில் 'திரும்பும் முன் கண்ணாடி பார்க்கவும்' என்று எழுதுவதோடு என் எழுத்து வேலை முடிந்துவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா போய் நாலு மாதம் ஆகிறது. நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள். பக்கத்து வீட்டம்மா ஒரு வேளைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார். வாயில் வைத்தால் தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. கடைச் சாப்பாட்டை நான் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஏழு வயதிலிருந்து கல்யாணம் வரை ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் அண்டாவில் வெந்ததைத் தின்று வளர்ந்தவன் நான். கல்யாணமான புதிதிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன், இனிமேல் செத்தாலும் என் தட்டில் வீட்டுச் சாப்பாடுதான் விழ வேண்டும் என்று. அவளும் ஒரு நாள்கூட அந்தப் பேச்சை மீறியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பசி செத்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பசிக்கிறது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. கடைசி வகுப்பை முடித்துவிட்டு வந்து விளக்குகூடப் போடாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ரயிலில் ஊர் சுற்றிவிட்டு வந்ததும், அவள் செருப்பைக் கழற்றின கையோடு அடுப்பைப் பற்றவைப்பாளே, அந்த நேரம் அது. மற்ற ஆறு நாளும் அவள் சமையல் ஏனோதானோ என்று இருக்கும். சனிக்கிழமைச் சமையல்தான் சமையல். "இன்னைக்குத்தான் உன் கைமணம் தெரியுது"ன்னு அவளிடமே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். நான் பாராட்டவே மாட்டேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருந்தால் அது தப்பு.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கே போனீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? இருபது வருஷமாகப் போனீர்கள், நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஒரே ஒரு ஊர் சொல். சபதமெல்லாம் அவளோடு போயாச்சு. அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒரு வாயாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

அவளைக் கொண்டுபோன அன்று நான் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு பதில் போடாமல் இருந்துவிடாதே.

அத்தான்


ஜூன் 17, திங்கள்

அத்தானுக்கு,

கிழிக்கவில்லை. மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றபடி படித்தேன். எதிரில் இருமல் மருந்துக்கு ஆள் காத்திருக்கும்போது கடிதத்தைக் கிழித்தால் நன்றாகவா இருக்கும்?

'நான் பேசியதை' என்று பட்டும் படாமல் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "நீதான்டி அவளை ஊர் ஊரா இழுத்துட்டுப் போய், கண்ட கடையிலயும் தின்ன வச்சுக் கொன்னுட்ட." நான் அக்கா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா இருந்தார், பக்கத்து வீட்டம்மா இருந்தார், உங்கள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி இருந்தார். ஒருத்தராவது "என்ன மாஸ்டர் பேச்சு இது" என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். அக்காவுக்கு வந்தது கணையத்தில். வாரத்துக்கு ஒரு கிண்ணம் சூப் குடித்ததால் வருகிற வியாதி இல்லை அது. அந்த வியாதிக்கான மாத்திரையை எத்தனையோ பேருக்கு என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடை வாசலையே மிதிக்காதவர்களும் அதில் உண்டு. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் ரயில் ஏறவில்லை. வேலையை மாற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோதும் முதுகு ஒடிய பஸ்ஸில்தான் வந்தேன்.

இருந்தாலும் பசிக்கிறது என்று எழுதிவிட்டீர்கள். அக்காவாக இருந்தால் முதலில் சாப்பாடு போட்டுவிட்டு அப்புறம்தான் சண்டை போடுவாள். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் ஏறுங்கள். எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. இடது பக்க ஜன்னல், ஆறு தெரியும். பாலம் தாண்டியதும் இறங்கி, மரவாடியை ஒட்டி நடந்தால் மூலையில் சூப் கடை. பெஞ்ச் உண்டு, ஆனால் எல்லாரும் நின்றுகொண்டுதான் குடிப்பார்கள். ஸ்டேஷனில் டீ குடிக்காதீர்கள், பசியைக் கெடுத்துவிடும். திரும்பி வர டிக்கெட்டைப் போகும்போதே எடுத்துவிடுங்கள். மத்தியானம் கவுண்டரை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்னவள்


ஜூன் 23, ஞாயிறு

சின்னவளுக்கு,

போய் வந்தேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வருஷக்கணக்காகக் கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்து சீட்டில், காலடியில் ஒரு பிரேக்கோடு உட்கார்ந்தே பழகியவன். வளைவு வரும்போதெல்லாம் கால் தானாகப் போய் மிதிக்கிறது. எதிரில் இருந்த ஆள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரயிலை நிறுத்தணும்னா மேல சங்கிலி இருக்கு, என் காலை விட்டுருங்க"ன்னார். உன் பேச்சைக் கேட்காமல் ஸ்டேஷனில் டீயும் குடித்தேன். திரும்பி வர டிக்கெட் எடுக்க மறந்து, கவுண்டர் திறக்கும் வரை வெயிலில் நின்றேன்.

கடைக்குப் போனேன். கூட்டம். ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் கரண்டியை வாயில் விட்டேன், ஹாஸ்டல் பயம். சின்னவளே, கரண்டி அப்படியே வாயில் நின்றுவிட்டது. அது உன் அக்கா வைக்கிற சூப். அதே கொரகொரப்பான மிளகு. லேசாகக் கருகவிட்ட அதே வெங்காயம். எலும்பிலிருந்து கறி கழன்று வருகிற அதே பக்குவம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகுக் காரம் என்று நினைத்துக் கடைக்காரர் டம்ளரில் தண்ணீர் வைத்தார்.

"இந்தப் பக்குவம் யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட. அவர் கடைதானே இது."

"சும்மா சொல்லாதீங்க. இது என் சம்சாரத்தோட கைமணம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் உன் அக்காவின் அடையாளம் சொன்னேன், உன்னையும் சொன்னேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே வருவாங்களே, அவங்களா? மூத்தவங்க பாதிதான் குடிப்பாங்க. மீதியை டப்பாவுல ஊத்தி எடுத்துட்டுப் போவாங்க."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சரியாகச் செய்திருக்கிறாரா என்று வீட்டில் வைத்து ருசி பார்ப்பதற்காக டப்பாவில் வாங்கி வந்திருக்கிறாள். கதவைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவள் ஆயிற்றே. ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டேன் என்று ஒத்துக்கொள்ள அந்த மனுஷனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கிண்ணத்தைக் காலி செய்தேன். இந்த நாலு மாதத்தில் வயிறார உள்ளே போனது அதுதான். அடுத்த ஊரைச் சொல்.

அத்தான்


ஜூலை 1, திங்கள்

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு பதில் எழுதினேன். நீளமாக எழுதினேன். அதைத்தான் கிழித்தேன்.

'கிண்ணத்தைக் காலி செய்தேன்' என்ற வரிக்கு வந்ததும் எனக்கு மேலே படிக்க முடியவில்லை. ஆகவே யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. சாப்பிடுங்கள். அது போதும்.

ரயிலில் கால் மிதித்த கதையைப் படித்துச் சிரித்தேன், சிரித்ததற்காக எனக்கே கோபம் வந்தது. உங்கள் முதலாளி ஞாயிற்றுக்கிழமை காரைத் தருகிறேன் என்று சொன்னபோதும் அக்கா ஏன் வேண்டாம் என்றாள் தெரியுமா? "அவரு ஓட்டினாலும் பிரேக் அவர்கிட்ட, நான் ஓட்டினாலும் பிரேக் அவர்கிட்ட. ரயில்ல போனா அந்தத் தொல்லை இல்லடி." உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்தது துறைமுக ஊர். அதே பாசஞ்சர்தான், கடைசிக்கு முந்தின பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்திலேயே படிக்கட்டு. ஐஸ் கிடங்குக்குப் பின்னால் ஒரு அம்மா தகரக் கொட்டகையில் மீன் வறுப்பார். பூண்டைத் தோலோடு நசுக்கிப் போடுவார். காலையில் என்ன மீன் வந்ததோ அதுதான், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டால் திட்டு விழும். அரை வயிறுதான் சாப்பிட வேண்டும். அது எங்கள் சட்டம். "முழு வயிறு நிறைஞ்சிட்டா அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறத் தோணாதுடி" என்பாள் அக்கா.

அன்றைக்கு என்னைச் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி இந்தக் கடிதத்திலும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கவனித்தேன்.

சின்னவள்


ஜூலை 14, ஞாயிறு

சின்னவளுக்கு,

துறைமுகத்துக்குப் போனேன். சொன்னால் நம்பமாட்டாய், அங்கேயும் அவள் கை! அதே பூண்டு, ஓரத்தில் அதே மொறுமொறுப்பு. மீன்காரம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. சூப் கடைக்காரரிடம் பட்டது போதும் என்று, "உங்களுக்கு நல்ல குரு கிடைச்சிருக்காங்க"ன்னு மட்டும் சொன்னேன். அந்தம்மா கரண்டியை ஓங்கினார். "குருவா? இந்தக் கொட்டகையில நானா வெந்து நானா கத்துக்கிட்டது. தின்னுட்டு எடத்தைக் காலி பண்ணுங்க." எல்லாம் ஒரே ரகம். ஏணியை எட்டி உதைக்கிற உலகம். எனக்கு வருத்தமில்லை, பெருமையாகத்தான் இருந்தது. ஊர் ஊராகக் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் மகராசி.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. இவ்வளவு கைப்பக்குவம் உள்ளவள், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவள், மற்ற ஆறு நாளும் எனக்கு மட்டும் ஏன் அப்படிச் சமைத்தாள்? குழைந்த சோறு, உப்பில்லாத குழம்பு. நான் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமைதோறும் உன்னோடு அலைந்த களைப்பு வாரம் பூராவும் அவள் உடம்பில் நின்றிருக்கிறது. நீ அவளை அந்த ஒரு நாள் என்னிடம் விட்டுவைத்திருந்தால் வாரம் முழுவதும் எனக்குச் சனிக்கிழமையாக இருந்திருக்கும். அவள் உடம்பும் கெட்டிருக்காது.

மனதில் பட்டதைச் சொன்னேன். அடுத்த ஊர் எது?

அத்தான்


ஜூலை 18, வியாழன்

அத்தானுக்கு,

போதும்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் ஏமாந்துகொண்டே சாப்பிட்டாலும் சரி, சாப்பிடுகிறீர்களே என்று இருந்தேன். நான் இழுத்துக்கொண்டு போய் அவள் உடம்பைக் கெடுத்தேன் என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டீர்கள். இந்த முறை நிதானமாக யோசித்து, மை ஊற்றி, தபால்தலை ஒட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். இனிமேல் எனக்கு வாய்ப்பூட்டு எதற்கு?

அக்கா யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சூப் கடைக்காரர் அவர் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டார். மீன்காரம்மா தானாக வெந்துதான் கற்றுக்கொண்டார். அக்கா கடையில் பாதி சாப்பிடுவாள், பாதியை டப்பாவில் வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தன் சட்டியில் கொட்டிச் சூடுபண்ணி உங்கள் தட்டில் போடுவாள். இருபது வருஷமாகச் சனிக்கிழமை ராத்திரி நீங்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதெல்லாம் கடைச் சாப்பாடு.

முதல் தடவை அது திட்டமில்லை. நல்லதாக ஒன்று வாயில் பட்டால் அவளுக்கு உங்கள் நினைப்பு வந்துவிடும். "அவரு இதை ருசி பார்க்காமலே போயிடுவாருடி" என்று ஒரு கரண்டி வாங்கி வந்தாள். கடையில் வாங்கியது என்று சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவீர்கள். சொல்லவில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இன்னைக்குத்தான் உன் கைமணம் தெரியுது." அடுத்த சனிக்கிழமை ரயிலில் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஆறு நாள் சமையலைக் கேட்டீர்கள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தபோது உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது நான்தான். உங்களிடம் சொன்னால் வீட்டை இரண்டாக்குவீர்கள் என்று அவள் சொல்லாமலே குறைத்தாள். சோறு குழைந்தது உங்கள் பல்லுக்காக. கடைவாய்ப் பல் ஆடியதை யாரிடமும் காட்டாமல் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தீர்களே, அவளுக்குத் தெரியாதா? வாரத்தில் ஆறு நாள் உங்களை உயிரோடு வைத்திருக்கச் சமைத்தாள். அதற்கு உங்களிடம் திட்டு வாங்கினாள். ஏழாவது நாள் யாரோ சமைத்ததற்கு உங்களிடம் பேர் வாங்கினாள்.

அடுத்த ஊர் கிடையாது.


ஆகஸ்ட் 8, வியாழன்

அத்தானுக்கு,

பதில் இல்லை. எனக்கு அது வேண்டியதுதான். நேற்று பக்கத்து வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன். கொடுத்தனுப்பிய பாத்திரம் தொடாமலே திரும்பி வருகிறது என்றார். சனிக்கிழமையிலும் விளக்கு எரிவதில்லையாம்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையைக்கூடக் கையில் கொடுக்கலாம், இல்லையென்றால் முகத்தில் எறியலாம். நான் எறிந்தேன். நீங்கள் சனிக்கிழமைப் பசி என்று எழுதியது அவள் உங்களுக்கு விட்டுப்போன மிச்சம். அதைப் பிடுங்கிக்கொண்டேனே என்று இப்போது என்னால் சாப்பிட முடியவில்லை. கூத்தைப் பாருங்கள்.

அடுத்த ஊர் கிடையாது என்றேன். ஒன்று இருக்கிறது. பாசஞ்சர் போய் நிற்கிற கடைசி ஸ்டேஷன். ஏரிக்கரை. காலையிலிருந்து ஒரே சட்டியில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சிறு தீயில் வெந்துகொண்டிருக்குமாம். சட்டி காலியானால் கடை மூடிவிடுமாம். நாங்கள் அங்கே போனதில்லை. போகலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம் அக்கா வேண்டாம் என்று தலையாட்டிவிடுவாள்.

"அது அவருக்கு. அவரு வேலையை விடட்டும். பட்டப்பகல்ல கடை பெஞ்சுல உட்கார வச்சு, இது கடைச் சாப்பாடு, இத்தனை வருஷமும் கடைச் சாப்பாடுதான்னு சொல்லிக்கிட்டே ஊட்டி விடணும்டி. கத்தினா கத்தட்டும், திரும்பி வர அடுத்த ரயில் சாயங்காலம்தான், எங்க ஓடிடுவாரு?"

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போக வேண்டும் என்று இல்லை. சாப்பிடுங்கள்.

சின்னவள்


ஆகஸ்ட் 25, ஞாயிறு

சின்னவளுக்கு,

உன் ஜூலைக் கடிதம் வந்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருஷம் என்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று. சண்டை போட எழுந்து சமையலறை வரைக்கும் போய்விட்டேன். அங்கே அடுப்பு துடைத்தபடி இருக்கிறது. யாரோடு சண்டை போடுவது?

அப்புறம் வெட்கம் வந்தது. மேஜையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்து நான் பாராட்டியது சூப் கடைக்காரரை. அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் போடவா?"ன்னு கேட்டாள்.

நேற்று கடைசி ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். இடது பக்க ஜன்னல். டீ குடிக்கவில்லை. வளைவில் காலைத் தூக்கி சீட்டில் சம்மணமிட்டு வைத்துக்கொண்டேன், மிதிக்க ஒன்றும் இல்லை, ரயில் அதுபாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெஞ்ச் ஏரியைப் பார்த்து இருந்தது. கடைக்காரப் பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை, இங்கேயும் அவள் கை இருந்துவிடுமோ என்று. இல்லை. நல்ல சாப்பாடுதான். ஆனால் யாரோ ஒருத்தருடைய சாப்பாடு. அவள் ஒரு நாளும் சட்டியில் ஊற்றிச் சூடுபண்ணாத சாப்பாடு. "இது கடைச் சாப்பாடு"ன்னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண், "ஆமாங்க, கடைதான், பின்ன என்னன்னு நினைச்சு வந்தீங்க?"ன்னு கேட்டாள். அங்கே உட்கார்ந்து அழுதேன், சின்னவளே. அந்தப் பெண் பாவம், கறி வேகவில்லையோ என்று பயந்துவிட்டாள்.

பாதி சாப்பிட்டு, பாதியை டப்பாவில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டேன். சட்டியில் கொட்டிச் சூடுபண்ணினேன். தட்டில் போட்டேன். ஏமாற்ற ஆள் இல்லை. எதிரில் நின்று இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கவும் ஆள் இல்லை. சாப்பிட்டேன்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவள் போன அன்று நான் சின்னவளைச் சொன்னது பொய், என் வாய்க்கொழுப்பு என்று சொன்னேன். பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். முதலாளியிடம் எல்லா மாஸ்டர்களும் இருக்கும்போது சொன்னேன். யார் யார் காதில் விழுந்ததோ அவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். உன்னிடம் சொல்வதுதான் பாக்கி. நீ அவளைக் கொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவளைச் சிரிக்க வைத்தாய். என்னை மன்னித்துவிடு.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். நான் இத்தனை நாளும் நினைத்து நினைத்து ஏங்கியது அவள் சமையலே இல்லை. அவள் சமையல் அந்த ஆறு நாள் சமையல், செவ்வாய்க்கிழமைச் சமையல். அதன் ருசியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. சூப் கடைக்கு இன்றைக்கும் பாசஞ்சர் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமைக்கு எந்த ரயில் போகும்? எனக்கு நினைவிருப்பதெல்லாம் நான் சொன்ன குறைகள்தான். சோறு குழைஞ்சிருக்கு. பூண்டு பச்சையா நிக்குது. உருளைக்கிழங்கு ஒரு பக்கம் தீஞ்சிருக்கு. உப்பு எங்கே போச்சு. வருஷக்கணக்கான குறை, வரிசையாக அப்படியே நினைவிருக்கிறது. ருசி மட்டும் இல்லை.

நீ கூடப்பிறந்தவள். உனக்காவது அவள் சமையல் வருமா?

அத்தான்


ஆகஸ்ட் 29, வியாழன்

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் படிக்க முடியவில்லை. உள்ளே பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்து படித்தேன். பெரியப்பாவும் போன் செய்தார். ஒரு மணி நேரம் என்னவெல்லாமோ பேசிவிட்டு, வைக்கும்போது, "மாஸ்டர் வந்திருந்தாரும்மா" என்று மட்டும் சொன்னார். போதும். மன்னிப்பைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம்.

எனக்கு அக்கா சமையல் வராது. உங்கள் கடிதம் வந்த அன்றே அடுப்பில் வைத்துப் பார்த்தேன். என்னவோ ஒன்று வந்தது, அவள் வரவில்லை. சனிக்கிழமையெல்லாம் நாங்கள் இருந்தது கடைகளில். அவள் கையால் நான் சாப்பிட்டது எப்போதாவதுதான். சாப்பிட்டபோதெல்லாம் "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நல்லா இருக்கு என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு கரண்டி குழம்புகூட வைக்க முடியாது, அத்தான்.

உங்கள் குறைகளை வைத்துச் சமைக்கலாம். சோறு எவ்வளவு குழைந்திருந்தது, பூண்டு எவ்வளவு பச்சையாக நின்றது, எந்தப் பக்கம் தீய்ந்திருந்தது என்று உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரும் அவ்வளவு கவனமாக அவள் கைச்சமையலைச் சாப்பிட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை. இந்த ஊரிலும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வந்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. பாசஞ்சரில் வாருங்கள், பிளாட்பாரத்தில் நிற்கிறேன். உப்பு பாதிதான் போடுவேன், அதில் மாற்றம் இல்லை. முதல் தடவை சரியாக வராது. பத்தாவது தடவைகூட வராமல் போகலாம். ஒவ்வொரு வாய்க்கும் குறை சொல்லுங்கள். அவளிடம் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள், நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டேன்.

என் மனது நோகும் என்று பார்த்து, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சின்னவள்